'அண்ணாச்சி, பருவுக்கு ஒரு ஜெல்!' - டியூப்பைத் திறக்கும் முன் மருந்தின் பெயரைப் படிச்சீங்களா?

ராஜபாளையம் ஆகட்டும், 11 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகட்டும், மெடிக்கல் கவுன்ட்டர் முன்னாடி அடிக்கடி கேட்கும் வசனம் ஒன்று உண்டு. "அண்ணாச்சி, முகத்துல பரு. நல்லதா ஒரு ஜெல் குடுங்க." அந்தப் பக்கமிருந்து ஒரு டியூப் வரும். விலை கேட்பார்கள், காசு கொடுப்பார்கள், பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்புவார்கள். மொத்தமாக ஒரு நிமிஷம்கூட ஆகாது.

அந்த ஒரு நிமிஷத்தில் கேட்கப்படாத கேள்வி ஒன்றுதான்: "இதுல என்ன மருந்து இருக்கு?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. பரு ஜெல் கெட்டது என்று சொல்ல வரவில்லை. சரியான ஜெல்லை சரியாகப் போட்டால், பெரும்பாலானவர்களின் பரு கட்டுக்குள் வரும். ஆனால் தப்பான டியூப் கைக்கு வந்தால், பரு போவதற்குப் பதில் முகமே போய்விடும் அபாயம் இருக்கிறது. இரண்டு டியூப்களும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும் என்பதுதான் பிரச்சினை.

'ஜெல்' என்பது மருந்தின் பெயர் இல்லை

முதலில் இதைப் புரிந்துகொள்வோம். ஜெல், கிரீம், ஆயின்ட்மென்ட் எல்லாம் வடிவங்கள். மாத்திரை, டானிக் என்று சொல்வது மாதிரி. கடையில் போய் "ஒரு மாத்திரை குடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வாங்கி விழுங்குவோமா? மாட்டோம். ஆனால் முகத்துக்கு மட்டும் "ஒரு ஜெல்" என்று சொன்னால் போதும் என்று நினைக்கிறோம்.

பருவுக்காகக் கைக்கு வரும் டியூப்களில் பொதுவாக இருக்கக்கூடியவை இவை:

பென்சாயில் பெராக்சைடு: பருவில் பங்கு வகிக்கும் கிருமியைக் கொல்லும். லேசாக அடைப்பையும் நீக்கும்.

அடாபலீன், டிரெட்டினாயின்: இவை ரெட்டினாய்டு வகை. வைட்டமின் ஏ-வின் உறவுக்கார மருந்துகள். தோலின் துவாரம் அடைபடாமல் பார்த்துக்கொள்ளும். புதுப் பரு வராமல் தடுப்பதுதான் இவற்றின் முக்கிய வேலை.

கிளிண்டாமைசின்: ஆன்டிபயாட்டிக். கிருமியையும் வீக்கத்தையும் குறைக்கும். ஆனால் இதை மட்டும் தனியாக மாதக்கணக்கில் போட்டால், கிருமி பழகிப்போய் மருந்துக்கு அசையாது. அதனால்தான் இதோடு பென்சாயில் பெராக்சைடையும் சேர்த்துத் தர வேண்டும் என்று சர்வதேச சிகிச்சை வழிகாட்டுதல்கள் சொல்கின்றன.

சாலிசிலிக் அமிலம், அசெலாயிக் அமிலம்: முதலாவது, கரும்புள்ளி வெண்புள்ளி போன்ற சின்ன அடைப்புகளுக்கு. இரண்டாவது, பருவோடு பரு விட்டுச்செல்லும் கறைக்கும் உதவும்.

இந்தப் பட்டியலில் வரவே கூடாத ஐந்தாவது ஆள் ஒன்று உண்டு. ஸ்டீராய்டு.

மூணாவது நாள் முகம் பளபள... மூணாவது மாசம்?

பீட்டாமெத்தசோன், மோமெட்டசோன், குளோபெட்டசால், பெக்லோமெத்தசோன், ஃபுளூசினோலோன், ஹாலோபெட்டசால். உங்கள் டியூப்பின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இவற்றில் ஏதாவது ஒரு பெயர் இருந்தால், அது ஸ்டீராய்டு கிரீம். தனியாகவும் வரும். பூஞ்சைக்கான மருந்து, ஆன்டிபயாட்டிக் என்று மூன்று நான்கு மருந்துகளோடு கலந்தும் வரும். கறை நீக்கும் மருந்தோடு சேர்ந்து 'வெள்ளையாக்கும்' கிரீமாகவும் கைமாறும்.

ஸ்டீராய்டு என்பது விஷம் இல்லை. எக்சிமா, சோரியாசிஸ் போன்ற நோய்களுக்கு டாக்டர் சொன்ன இடத்தில், சொன்ன நாள் வரைக்கும் போட்டால் அருமையான மருந்து. ஆனால் பரு உள்ள முகத்தில் போட்டால் என்ன ஆகும்?

ஸ்டீராய்டு ரத்தக்குழாய்களைச் சுருக்கும். வீக்கத்தை அமுக்கும். அதனால் இரண்டு மூன்று நாளில் சிவப்பு குறையும், முகம் தெளிந்த மாதிரி தெரியும். "சூப்பரா வேலை செய்யுது" என்று தோன்றும். பக்கத்து வீட்டு அக்காவுக்கும் சிபாரிசு போகும். கொஞ்ச வாரம் கழித்து நிறுத்தினால், அடங்கியிருந்த சிவப்பும் எரிச்சலும் பருவும் மொத்தமாகத் திரும்பி வரும். பயந்து மறுபடியும் போடுவார்கள். மறுபடியும் அடங்கும். இப்படியே மாதங்கள் ஓடினால் தோல் மெலியும். உள்ளே இருக்கும் ரத்தக்குழாய் வெளியே கோடு கோடாகத் தெரியும். கன்னத்தில் முடி வளரும். வெயிலில் போனால் முகம் தீயாக எரியும். இந்த நிலைக்கு 'ஸ்டீராய்டால் பாதிக்கப்பட்ட முகம்' என்று நம் நாட்டுத் தோல் மருத்துவர்கள் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். ஒரு பழக்கத்துக்கு மருத்துவப் பெயர் வைக்கும் அளவுக்கு அது பரவியிருக்கிறது என்று அர்த்தம்.

எவ்வளவு பரவல்? இந்தியத் தோல் மருத்துவ இதழில் 2011-ல் ஓர் ஆய்வு வெளியானது. நாடு முழுவதும் 12 சிகிச்சை மையங்களில், முகத்தில் பிரச்சினை என்று வந்த 2,926 பேரை விசாரித்தார்கள். அதில் 433 பேர், அதாவது 14.8%, முகத்தில் ஸ்டீராய்டு போட்டுக்கொண்டிருந்தவர்கள். அந்த 433 பேரில் 59.3% பேருக்கு அதைச் சொன்னது டாக்டரே இல்லை. 24% பேர் போட்டது பருவுக்காக. 29% பேர் போட்டது நிறம் கூட்டவும், தினசரி பூசும் கிரீமாகவும், ஷேவிங்குக்குப் பின் தடவவும். கடைசியில் இவர்களிடம் அதிகமாகக் காணப்பட்ட பக்கவிளைவு என்ன தெரியுமா? பருதான். 52% பேருக்கு. பருவுக்கு மருந்து என்று போட்டதே பருவைக் கொண்டுவந்திருக்கிறது.

2018-ல் ஓட்டையை அடைத்தார்கள்... பாதி

"சீட்டு இல்லாம இதை எப்படி விக்கிறாங்க?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

1945-ம் ஆண்டின் மருந்துகள் விதிகளில் 'ஷெட்யூல் ஹெச்' என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் உள்ளவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. ஸ்டீராய்டுகள் அதில் இருந்தன. ஆனால் வெளிப்பூச்சுக்கானவை இதில் சேராது என்று ஒரு குறிப்பும் கூடவே இருந்தது. அந்த ஓட்டை வழியாகத்தான் டியூப்கள் வருஷக்கணக்கில் கவுன்ட்டரில் தாராளமாகக் கைமாறின. தோல் மருத்துவர்களின் தேசிய சங்கம் இதற்கென்றே ஒரு பணிக்குழு அமைத்துப் பல வருஷம் போராடியது. 2018 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளுக்கு அந்த விலக்கை நீக்கி அறிவிக்கை வெளியிட்டது.

அறிவிக்கை வந்தது. கவுன்ட்டர் மாறியதா? சட்டம் டெல்லியில் மாறினாலும், நம் ஊரில் அது நடைமுறைக்கு வருவது "சீட்டு இருக்கா தம்பி?" என்று ஒருவர் கேட்கும்போதுதான். அந்தக் கேள்வி கேட்கப்படாத ஒவ்வொரு முறையும், 2018-க்கு முந்தைய நிலையில்தான் நாம் நிற்கிறோம்.

சரி, நல்ல ஜெல்லே கிடைச்சிருச்சு. எப்படிப் போடணும்?

டாக்டர் பார்த்து எழுதிக்கொடுத்த ஜெல்லைக்கூடப் பலரும் தப்பாகப் போட்டு, "எரியுது, எனக்கு ஒத்துக்கல" என்று ஒரே வாரத்தில் தூக்கிப்போட்டுவிடுகிறார்கள். இவற்றை மட்டும் கவனியுங்கள்.

முதலில் சோதனை. பென்சாயில் பெராக்சைடு, சாலிசிலிக் அமிலம் உள்ள பரு மருந்துகளால் அபூர்வமாகக் கடுமையான ஒவ்வாமை வரலாம் என்று 2014-ல் அமெரிக்காவின் எஃப்டிஏ எச்சரித்தது. புதிதாகப் போடுபவர்கள் முதல் 3 நாள் பரு உள்ள ஒன்றிரண்டு சின்ன இடத்தில் மட்டும் போட்டுப் பார்க்கச் சொன்னது. ஒன்றும் ஆகவில்லை என்றால் பிறகு முழுதாகப் போடலாம்.

முகம் கழுவுவது நாளைக்கு இரண்டு தடவை போதும். மென்மையான சோப்போ ஃபேஸ்வாஷோ எதுவானாலும் சரி. ஸ்கிரப் போட்டுத் தேய்க்க வேண்டாம். துண்டால் ஒற்றி எடுத்து, முகம் நன்றாகக் காய்ந்த பிறகு ஜெல் போடுங்கள். ஈர முகத்தில் போட்டால் எரிச்சல் கூடும்.

அளவு: ரெட்டினாய்டு ஜெல் என்றால் முகம் முழுவதற்கும் சேர்த்தே ஒரு பட்டாணி அளவு. நெற்றி, இரு கன்னம், தாடை என்று புள்ளி வைத்து மெல்லிசாகப் பரப்ப வேண்டும். பருவின் தலையில் மட்டும் பொட்டு வைப்பது மாதிரி வைத்தால் பாதிப் பலன்தான். ஏனென்றால் இன்றைக்குக் கண்ணுக்குத் தெரியாத அடைப்புதான் அடுத்த வாரத்துப் பரு. கண், உதடு, மூக்கின் ஓரம், வாய் ஓரம் பக்கம் போகக் கூடாது.

நேரம்: ரெட்டினாய்டு ராத்திரிக்கு மட்டும். முதல் ஓரிரு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுப் பழகிவிட்டு, பிறகு தினமும் போடலாம். காய்ந்த மாதிரி இருந்தால் மேலே மாய்ஸ்சரைசர் தடவலாம்.

சதவீதம் கூடினால் வேகம் கூடும் என்பது கற்பனை. பென்சாயில் பெராக்சைடு 2.5% ஜெல்லும் 10% ஜெல்லும் வீங்கிய பருக்களைக் குறைப்பதில் ஏறக்குறைய சமம் என்று 1980-களிலேயே ஆய்வில் பார்த்துவிட்டார்கள். 10%-ல் கூடுதலாகக் கிடைப்பது எரிச்சலும் உரிதலும்தான்.

பொறுமை: இதுதான் கஷ்டமான மருந்து. பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். ரெட்டினாய்டு ஆரம்பித்த முதல் சில வாரத்தில் பரு கூடுவது போலவும் தோன்றலாம். அடுத்த வாரம் அக்கா கல்யாணம் என்று இன்றைக்கு ஜெல் ஆரம்பித்தால் வேலைக்கு ஆகாது. இன்னொன்றையும் யோசியுங்கள். மூன்றே நாளில் முகத்தை மாற்றுகிறது ஒரு 'பரு ஜெல்' என்றால், சந்தோஷப்படுவதற்கு முன்னாடி டியூப்பைத் திருப்பிப் பாருங்கள்.

ரெட்டினாய்டு போடும் காலத்தில் பியூட்டி பார்லரில் முகத்துக்கு வேக்ஸிங் வேண்டாம். தோலோடு சேர்ந்து பிய்ந்து வரும் ஆபத்து உண்டு.

வெயிலும் நைட்டியும்

நம்ம விருதுநகர் மாவட்ட வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ரெட்டினாய்டு போடும் முகம் வெயிலுக்குச் சீக்கிரம் சிவக்கும். பகலில் எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேல் உள்ள சன்ஸ்கிரீன், எண்ணெய்ப் பசை இல்லாததாகப் பார்த்துப் போடுவது நல்லது. அது கட்டுப்படியாகாது என்றால் குடை, தொப்பி, துப்பட்டா. எதுவுமே இல்லாமல் இருப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

வெயிலுக்கு இன்னொரு சம்பந்தமும் இருக்கிறது. பென்சாயில் பெராக்சைடு சூட்டில் சிதைந்தால் பென்சீன் என்ற வேதிப்பொருள் உருவாகும். அது புற்றுநோயோடு தொடர்புடையது. 2024-ல் அமெரிக்காவில் ஒரு தனியார் ஆய்வகம் இதைக் கிளப்பியபோது பெரிய பரபரப்பு ஆனது. பிறகு எஃப்டிஏ தானே 95 தயாரிப்புகளைச் சோதித்து, 2025 மார்ச்சில் முடிவைச் சொன்னது. 90%-க்கும் மேலானவற்றில் பென்சீன் இல்லவே இல்லை, அல்லது மிகமிகக் குறைவு. விரல்விட்டு எண்ணும் அளவிலான தயாரிப்புகள் மட்டுமே திரும்பப் பெறப்பட்டன. அதனால் பயந்து நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் பைக் பெட்டிக்குள்ளோ, மேற்கு வெயில் அடிக்கும் ஜன்னல் திட்டிலோ டியூப்பை வைக்காதீர்கள். காலாவதி தேதி தாண்டினால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். பென்சாயில் பெராக்சைடு துணியை வெளுக்கும். ராஜபாளையம் பக்கத்துத் தளவாய்புரம், நைட்டி தைப்பதற்குப் பேர்போன ஊர். அங்கே எடுத்த கலர் நைட்டியின் கழுத்துப் பக்கம் திடீரென்று வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்தால் சாயத்தைத் திட்டாதீர்கள். நேற்று ராத்திரி போட்ட ஜெல்லாக இருக்கலாம். வெள்ளைத் தலையணை உறை, பழைய துண்டு - அந்த மருந்துக்கு அதுதான் தோது.

உடனே நிறுத்த வேண்டியது எப்போது?

லேசான எரிச்சல், வறட்சி, கொஞ்சம் உரிதல் - இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். ஒன்றிரண்டு நாள் இடைவெளி விட்டுத் தொடரலாம். ஆனால் கண், உதடு, முகம் வீங்கினாலோ, தொண்டை இறுகினாலோ, மூச்சு வாங்கினாலோ, மயக்கம் வந்தாலோ அது வேறு. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உடம்பெல்லாம் தடித்தாலோ கொப்புளம் கிளம்பினாலோ மருந்தை நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

கர்ப்பமாக இருப்பவர்களும், கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் ரெட்டினாய்டு ஜெல்லைத் தவிர்க்க வேண்டும். டாக்டரிடம் இதை முதலிலேயே சொல்லிவிட்டால், மாற்று மருந்து தருவார். வாயால் சாப்பிடும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை விஷயத்தில் இது இன்னும் கடுமை. கருவில் இருக்கும் குழந்தைக்கு ஊனம் ஏற்படுத்தும் மருந்து அது. எந்தக் காரணத்துக்காகவும் கவுன்ட்டரில் கேட்டு வாங்கக் கூடாது.

கல்லு மாதிரி பெரிய பரு, குழி விழும் தழும்பு, பருவோடு சேர்ந்து மாதவிலக்கு தள்ளிப்போவது, தாடையில் முடி கூடுவது - இதெல்லாம் இருந்தால் ஜெல்லோடு நிற்கக் கூடாது. அதேபோல, ஏற்கெனவே மாதக்கணக்கில் ஸ்டீராய்டு போட்டிருப்பவர்கள் தாங்களாகவே நிறுத்துவது, தாங்காமல் மறுபடி போடுவது என்று அல்லாட வேண்டாம். டியூப்பையும் கையோடு எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். அவர் படிப்படியாக அதிலிருந்து வெளியே கொண்டுவருவார்.

பால்கோவாதான் காரணமா?

ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்து பரு வந்தால் முதல் குற்றவாளி பால்கோவாதான். புவிசார் குறியீடு வாங்கிய இனிப்புக்கு இந்தக் கெட்ட பெயரும் சேர்ந்தே வருகிறது. சர்க்கரையை வேகமாக ஏற்றும் உணவுக்கும், பாலுக்கும், பருவுக்கும் தொடர்பு இருப்பதாகச் சில ஆய்வுகள் காட்டியது உண்மை. ஆனால் "இதை நிறுத்து, பரு போகும்" என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு ஆதாரம் இன்னும் சேரவில்லை. சாப்பிட்டால் கூடுகிறது என்று உங்களுக்குத் தெளிவாகத் தெரிந்தால் குறைத்துப் பாருங்கள். மற்றபடி, பரு வந்த பிள்ளையின் தட்டைப் பார்த்துக் கண்டிப்பது சிகிச்சை ஆகாது.

நிஜமாகவே கவனிக்க வேண்டியது வேறு. தலையில் எண்ணெய் வழிய வழிய வைத்து நெற்றியில் இறங்கினால், நெற்றிப் பரு கூடும். வியர்வையோடு இறுக்கமான ஹெல்மெட் பட்டையும் மாஸ்க்கும் மணிக்கணக்கில் உரசினால், தாடைப் பரு கூடும். பற்பசை, எலுமிச்சைச்சாறு இரண்டும் முகத்துக்கான மருந்தே இல்லை. எரித்துக் கறையை விட்டுவிட்டுப் போகும்.

ஆனால் இது அந்தப் பிள்ளைங்க தப்பா?

இவ்வளவும் படித்துவிட்டு "எல்லாம் இந்தக் காலத்துப் பிள்ளைங்க அவசரம்" என்று முடித்துவிடலாம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

ஒரு ப்ளஸ் டூ மாணவியின் இடத்தில் இருந்து பாருங்கள். வீட்டில் சொன்னால் "வயசுக்கோளாறு, தானா போயிடும்". பள்ளியில் பட்டப்பெயர். கல்யாணப் பேச்சு எடுக்கும் வயது என்றால், "முகத்துக்கு ஏதாவது பண்ணக்கூடாதா" என்று வரும் போகும் சொந்தமெல்லாம் கேட்கும். டாக்டரிடம் போக வேண்டும் என்றால் பஸ் செலவு, ஃபீஸ், ஒருநாள் லீவு. மில்லில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்களுக்கு அந்த ஒருநாள் என்பது ஒருநாள் சம்பளம். எதிரே மெடிக்கல். ஒரு நிமிஷம். அவள் எதைத் தேர்ந்தெடுப்பாள்? நாம்தான் அவளை அந்தக் கவுன்ட்டருக்கு அனுப்பிவைக்கிறோம்.

அதனால் கேட்க வேண்டியது பெரியவர்களிடம்தான்.

மெடிக்கல் வைத்திருக்கும் அண்ணாச்சிகளுக்கு: அவசர நேரத்தில் இந்த ஊர்கள் நம்புவது உங்களைத்தான். அந்த நம்பிக்கையால்தான் நீங்கள் கொடுப்பதை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. ஸ்டீராய்டு டியூப்பைச் சீட்டு இல்லாமல் தராதீர்கள். "இது பருவுக்கு இல்லம்மா, டாக்டர்ட்ட காட்டு" என்று சொல்ல பத்து வினாடி போதும்.

அரசுக்கு: 2022 ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. ரொம்ப நல்ல விஷயம். ஆனால் ராஜபாளையத்தில் இருந்து பருவுக்காக ஐம்பது கிலோமீட்டர் அளவுக்குப் பஸ் ஏறி யார் போவார்கள்? அங்கிருந்து ஒரு தோல் மருத்துவர் வாரத்தில் ஒருநாள் இரண்டு ஊர் அரசு மருத்துவமனைகளிலும் உட்காரலாம். எந்த நாள், எத்தனை மணி என்பதைப் பள்ளி, கல்லூரி அறிவிப்புப் பலகை வரைக்கும் கொண்டுபோகலாம்.

மருந்து நிறுவனங்களுக்கும் கட்டுப்பாட்டுத் துறைக்கும்: பெரும்பாலான டியூப்களில் எச்சரிக்கை ஆங்கிலத்தில், எறும்பு சைஸ் எழுத்தில் இருக்கிறது. 'இதில் ஸ்டீராய்டு உள்ளது, முகத்தில் தானாகப் போடாதீர்' என்று பெரிய எழுத்தில் தமிழில் ஒரு வரி போடுவது அவ்வளவு கஷ்டமா? சிகரெட் பாக்கெட்டில் படமே போட முடிகிறது.

இதெல்லாம் நடக்கும்வரை நம் கையில் இருப்பது மூன்று கேள்விகள். இதில் உள்ள மருந்தின் பெயர் என்ன? இதில் ஸ்டீராய்டு இருக்கிறதா? இதை எத்தனை நாள் போடணும்? அடுத்த தடவை கவுன்ட்டரில் நிற்கும்போது காசு கொடுப்பதற்கு முன்னாடி கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால், டியூப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அண்ணாச்சி கோவித்துக்கொள்ள மாட்டார். கோவித்துக்கொண்டாலும் பரவாயில்லை, முகம் உங்களுடையது.